ஒளிந்து கிடந்த பரிவலு

ஆரையம்பதியில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் என்பது உறக்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட பொழுது. கிழக்கே கடற்காற்று எழுந்து தென்னோலைகளை அசைக்கும். மேற்கே வாவி வெயிலில் தகடுபோல் மின்னும். இடையே கிடக்கும் இந்த மணற்பரப்பில் நடமாடுவோர் அரிது. அத்தகைய ஒரு பிற்பகலிலேதான் என் தங்கை மகன் தன் மோட்டார் சைக்கிளை முற்றத்துக்குள் உருட்டிக்கொண்டு வந்து, கிணற்றடி வேம்பின் நிழலிலே நிறுத்தினான்.

“மாமா, இதை மணிக்கு நூற்றிருபது ஓட வைக்க வேணும். நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிற ஆள்தானே, சொல்லித்தாங்க” என்றான்.

அவன் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவிலே படிப்பவன். கையிலே ஒரு கொப்பி. அதிலே ‘ஹெட்டை வெட்டுதல், பெரிய காபரேற்றர், சைலன்சரைத் திறத்தல், வடிகட்டியைக் கழற்றுதல்’ என்று வரிசையாக எழுதி வைத்திருந்தான். புத்தம்புதிய வண்டிகள் வைத்திருக்கும் தோழர் இருவருடன் மண்முனைப் பாலத்து நேர்பாதையிலே ஓடிப் பார்ப்பதாகப் பந்தயம் பேசியிருக்கிறான் என்பது எனக்கு முன்னரே தெரியும். அவன் தாய் அதற்கு முதல்நாள் வந்து, “அண்ணா, மறிக்க ஏலாது, மறித்தால் எனக்குத் தெரியாமல் செய்வான். நீங்களாவது ஏதும் செய்யுங்கோ” என்று கண் கலங்கிவிட்டுப் போயிருந்தாள்.

அந்த வண்டி அவன் தந்தையுடையது. மைத்துனர் காலமாகி மூன்று வருடம். எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் பாதையிலே ஏற்றி இறக்கி அவர் தொழில் பார்த்த வண்டி அது. 2014 ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பாலத்தின் மேலாக. வீட்டில் அவர் நினைவாக எஞ்சியிருக்கும் உயிருள்ள பொருள் அதுவொன்றே என்று தங்கை சொல்வதுண்டு. ஆகவே, ‘முடியாது’ என்று ஒற்றைச் சொல்லில் நான் விடையிறுக்கவில்லை. “கொப்பியைத் தா, மருமகன். ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்ப்போம்” என்றேன்.

வண்டி ஹொண்டா சி.டி. 125 பென்லி. ஜப்பானிலே ஓடித் தேய்ந்தபின் இலங்கைக்கு வந்து, இங்கே மறுபிறவி எடுத்த எத்தனையோ வண்டிகளுள் ஒன்று. ‘பென்ரி’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு ‘வசதியானது’ என்று பொருள். அதிலிருந்தே பென்லி என்ற பெயர் பிறந்தது. பெயருக்கேற்ற சாது. ஆயின் சாதுவான இவ்வண்டியிடம் ஒரு சிறப்பு உண்டு. இதன் இயந்திரத்தில் உருளை ஒன்றல்ல, இரண்டு. நூற்றிருபத்தைந்து வகை வண்டி என்றால் ஒற்றை உருளை என்பதே இன்றைய வழக்கம். இங்கோ, கைப்பிடிக்குள் அடங்கக்கூடிய இரண்டு பிஸ்டன்கள் (நம் பாடநூல்கள் முசலம் என்பன) அருகருகே நின்று ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன. ஆயின் ஒன்று விட்டொன்றாகவே வெடிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. அதனாலேயே அதன் ஓசை தட்டித் தட்டி ஒலிக்காமல் இழைந்து ஒலிக்கிறது.

உருளையின் விட்டம் 44 மில்லிமீற்றர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 41 மில்லிமீற்றர். பரப்பளவைத் தூரத்தாற் பெருக்கினால் ஓர் உருளைக்கு 62 கனசென்ரிமீற்றரும் சற்றும். இரண்டுக்குமாக 124. மருமகனைக் கொண்டே இதைக் கணக்கிடச் செய்தேன்.

“இப்போது சொல். பரிவலு எங்கிருந்து வருகிறது?”

“பெற்றோலிலிருந்து.”

பலரும் சொல்லும் விடை இதுவே. பிழையன்று, ஆனால் பாதி உண்மை. பெற்றோலை எவ்வளவு வேண்டுமாயினும் உள்ளே ஊற்றிவிடலாம். அதை எரிப்பதற்கு வேண்டிய காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். நிறையளவில் ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இயந்திரம் என்பது முதலில் மூச்சுவிடும் ஒரு பிராணி, பிறகுதான் மற்றெல்லாம். நிமிடத்துக்கு 9,500 சுற்று சுழலும்போது, நான்கடி இயந்திரமாகையால், ஒவ்வோர் உருளையும் 4,750 முறை மூச்செடுக்கிறது. இரண்டும் சேர்ந்து முழுமையாக நிரம்பினால் நிமிடத்துக்கு 590 இலீற்றர் காற்று! ஓய்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு ஆறேழு இலீற்றர் காற்றே சுவாசிக்கிறான். நம் வகுப்பறைகள் இரண்டில் நிறைந்திருக்கும் மாணவர் அனைவரும் விடும் மூச்சை, மடியில் வைத்துத் தூக்கக்கூடிய இந்த இரும்புப் பெட்டி ஒன்றே விடுகிறது.

ஆகவே வலுவைக் கூட்ட எண்ணுவோனுக்கு மூன்று வழிகளே உள்ளன. ஒரு மூச்சிலே அதிகக் காற்றை இழுக்கச் செய்யலாம். இழுத்த காற்றை இன்னும் இறுக்கி, வெடிப்பிலிருந்து அதிகப் பயன் பெறலாம். அல்லது மூச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம், அதாவது விரைவாகச் சுழல விடலாம். உலகத்துப் பந்தய வல்லுநர் எவரும் இம்மூன்றுக்கு அப்பால் நான்காவதொன்றைக் கண்டதில்லை. காற்றை விசிறி கொண்டு திணிப்பதும் முதல் வழியின் கிளையே.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. முற்றத்தில் நின்ற வண்டியின் பாட்டன் கதையே போதும். 1959 ஆம் ஆண்டிலே ஹொண்டா கம்பனி ஒரே அளவான உருளைகளைக் கொண்டு (அதே 44, அதே 41) மூன்று விதமான வண்டிகளை வைத்திருந்தது. முதலாவது, சி 92 என்னும் வீட்டுப் பென்லி. நிமிடத்துக்கு 9,500 சுற்றில் 11.5 பரிவலு. இரண்டாவது, சி.பி. 92 என்னும் விளையாட்டு வண்டி. அழுத்த விகிதத்தைக் கூட்டி, வால்வுகள் திறந்திருக்கும் நேரத்தை மாற்றி, 10,500 சுற்றில் 15 பரிவலு. மூன்றாவது, கடைக்கு வராத பந்தய வண்டி, ஆர்.சி. 142. ஓர் உருளைக்கு நான்கு வால்வுகள். அவற்றை இயக்கத் தலைக்குமேல் இரண்டு காம் தண்டுகள். 13,000 சுற்றில் ஏறத்தாழ 18 பரிவலு.

அவ்வாண்டு யூன் 3 ஆந் திகதி, ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவிலே நடைபெற்ற புகழ்பெற்ற ரி.ரி. பந்தயத்துக்கு ஜப்பானியர் முதன்முறையாக அந்த வண்டிகளுடன் போனார்கள். தனிகுச்சி நவோமி என்பவர் ஆறாம் இடத்தைப் பெற்றார். அவருடைய தோழர்கள் ஏழாம், எட்டாம், பதினோராம் இடங்களைப் பெற்றனர். வென்றது இத்தாலிய வண்டி. ஆயினும் தயாரிப்பாளர் அணிக்குரிய பரிசு ஹொண்டாவுக்கே கிட்டியது. ‘தேயிலைக் கோப்பையளவு இயந்திரத்தோடு வந்தவர்கள்’ என்று எண்ணியிருந்தோர் அதன்பின் சில ஆண்டுகளிலே அவர்களைத் துரத்திப் பிடிக்க முடியாமற் போனது வேறு கதை.

மருமகனின் கண்கள் ஒளிர்ந்தன. “பாருங்க மாமா, அதே எஞ்சின்! பதினொன்றரை பதினெட்டாகியிருக்கே!”

ஆகியிருக்கிறது. எப்படி ஆயிற்று என்பதையல்லவா பார்க்க வேண்டும்? கொப்பியின் முதல் வரிக்கு வந்தோம்: ஹெட்டை வெட்டுதல்.

அழுத்த விகிதம் என்பது, பிஸ்டன் அடியில் நிற்கும்போதுள்ள கொள்ளளவுக்கும் உச்சியில் நிற்கும்போது எஞ்சும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதம். 62 கனசென்ரிமீற்றர் உருளையில் விகிதம் 8.3 ஆக இருக்கவேண்டுமாயின் உச்சியில் எஞ்சும் இடம் 8.5 கனசென்ரிமீற்றர். அதையே 10 ஆக்க வேண்டுமாயின் 6.9. வேறுபாடு ஒன்றரைக் கனசென்ரிமீற்றர் மட்டில். ஒரு சிறு கரண்டி மருந்தின் மூன்றிலொரு பங்கு. ஹெட்டின் அடியிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரைக் கடைந்தெடுத்தால் அது கிடைத்துவிடும். இலாபம் என்ன? உயர்தர மாணவர் வெப்பவியற் சூத்திரத்தில் இட்டுப் பார்க்கலாம். இலட்சிய இயந்திரத்தின் திறன் 57 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகிறது. அதாவது, இருந்ததில் இருபதிலொரு பங்கு கூடுகிறது. பதினொன்றரைப் பரிவலுவில் அரைப் பரிவலுவும் சற்றும். இதற்காகவா மில்லிமீற்றர் கணக்கில் உலோகத்தை இழப்பது? அந்த ஒரு மில்லிமீற்றர் போனால் வால்வு பிஸ்டனை நெருங்கிவிடும். காம் சங்கிலி தளர்ந்து வால்வு திறக்கும் நேரமும் பிசகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோல் தீப்பொறிக்குக் காத்திராமல் தானே வெடிக்கத் தொடங்கும். ஒக்டேன் 92, 95 என்று நிரப்பு நிலையத்திலே எழுதியிருப்பது இந்தத் தானே வெடித்தலை எவ்வளவு தூரம் எதிர்த்து நிற்கும் என்பதன் அளவே தவிர, வலுவின் அளவன்று. விலை கூடிய பெற்றோலை ஊற்றினால் சாதாரண வண்டி பறக்கும் என்று நம்புவோர் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

இந்த ஒக்டேன் விடயத்தை எம்மவர் ஒருகாலத்தில் தலைகீழாகக் கற்றுக்கொண்டனர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குட்பட்ட யாழ்ப்பாணத்திலே பெற்றோல் மருந்துக்கும் அரிதாயிருந்தபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயிலே ஓடின. காற்றுவாயிலே சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகத் தாழ்ந்தது. அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களாதலாற்றான் அவை அந்தக் கொடுமையைத் தாங்கின. புகையும் இருமலும் தட்டும் ஓசையுமாக அவை ஓடிய ஓட்டமும் ஒருவகை இயந்திரச் சீரமைப்பே, வலுவுக்காகவன்று, வாழ்வதற்காக.

இவ்விடத்தில் என் சொந்த அறியாமையையும் மருமகனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. 2009 ஆம் ஆண்டு, முதல் நியமனம் பெற்ற புதிதில், நானும் ஓர் இரட்டை உருளை ஹொண்டா வைத்திருந்தேன், சி.டி. 200. பட்டம் பெற்றவனுக்குத் தெரியாதது உண்டா? ஒரு கடைசற்பட்டறையிலே ஹெட்டை ஒரு மில்லிமீற்றர் வெட்டுவித்தேன். காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்தேன். சைலன்சரின் உட்குழாயை உருவினேன். முதற்கிழமை வண்டி சிங்கம் போலக் கர்ச்சித்தது. உண்மையில் வேகம் கூடியதா என்று எவரேனும் அளந்து பார்த்தோமா? இல்லை. ஓசை கூடினால் வேகமும் கூடியதாகவே செவி நம்பிவிடும்.

மூன்றாங் கிழமை, களுவாஞ்சிகுடிக்கு இப்பால், ‘கிணிங் கிணிங்’ என்றொரு மெல்லிய ஓசை. பின்னர் ஓர் உதறல். வலு பாதியாய் வீழ்ந்தது. இரட்டை உருளையின் ஒரேயொரு கருணை என்னவெனில், ஒன்று செத்தாலும் மற்றது வீடுவரை இழுத்துவரும். கழற்றிப் பார்த்தால் இடப்பக்கப் பிஸ்டனின் தலையிலே ஒரு சிறுவிரல் நுழையுமளவு துளை! வடிகட்டியை எடுத்ததனால் காற்று கூடிற்று. காபரேற்றரின் ஜெட்டை மாற்றாமையால் பெற்றோல் கூடவில்லை. கலவை மெலிந்து, உள்வெப்பம் ஏறி, இறுக்கமும் கூடியிருந்தமையால் தானே வெடித்து, அலுமினியம் உருகிவிட்டது. முழு வலுவுக்கு, முற்றாக எரியத் தேவையானதிலும் சற்றே கூடுதலாகப் பெற்றோல் வேண்டும். காற்று பதின்மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்ற கணக்கில். அந்தக் கூடுதல்தான் பிஸ்டனைக் குளிர்வித்துக் காப்பது. பட்டறைக்காரரை நான் அன்று கோபித்துக்கொண்டேன். கேட்டதைத்தானே அவர் செய்துகொடுத்தார்?

துளையைவிடக் கொடியதொன்றையும் அன்று கண்டேன். உருளையின் சுவரெங்கும் நெடுங்கோடுகள். நம் ஊரின் மணல்! வரைபடத்தில் எழுவான்கரையைப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்வரம்பு அது. இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் சோற்றுக்குள்ளேயே மணல் நறநறக்கும். அந்த மணலின் பெரும்பகுதி படிகக்கல். உருளையின் வார்ப்பிரும்பைவிட அது கடினமானது. நிமிடத்துக்கு அறுநூறு இலீற்றர் காற்றை வடிகட்டியின்றி உறிஞ்சினால், அரத்தையும் சேர்த்து உறிஞ்சுவதாகவே முடியும். என் முதலிரண்டு மாதச் சம்பளம் அதிலே போயிற்று.

கொப்பியில் இரண்டு வரிகளை மருமகன் தானாகவே அடித்துவிட்டான். ஆனால் மூன்றாவது வழியை விடவில்லை. “சரி, வேகமாச் சுத்த விடலாம்தானே?”

இங்கே பிஸ்டனின் துன்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 9,500 சுற்றில், 41 மில்லிமீற்றர் தூரத்தை அது ஒரு செக்கனில் முந்நூறு தடவைக்குமேல் கடக்கிறது. உச்சியில் ஒவ்வொரு முறையும் நின்று திரும்ப வேண்டும். அத்திருப்பத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல். 100 கிராம் எடையுள்ள பிஸ்டனாயின், 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம் இணைப்புத்தண்டிலே தொங்கி இழுப்பதற்கு ஒப்பு. இந்த இழுவை சுற்றுகளின் வர்க்கத்திற்கேற்ப வளர்கிறது. 9,500ஐ 10,500 ஆக்கினால் ஐந்திலொரு பங்குக்கு மேல் கூடும். 13,000 ஆக்கினால் இருமடங்கை நெருங்கும். ஹொண்டாவின் பந்தய வண்டிக்கு அதற்கேற்ற தண்டுகளும் தாங்கிகளும் செய்து, ஓட்டம் முடிந்தவுடன் கழற்றிப் பார்க்கத் தொழில்நுட்பர் காத்திருந்தனர். தகப்பனாரின் பழைய தண்டும் பழைய தாங்கியும் அப்படியா?

இரண்டு உருளை என்னும் ஏற்பாடே உண்மையில் இத்துன்பத்தைப் பங்கிடுவதற்காக எழுந்ததுதான். ஒரு பெரிய பிஸ்டனுக்குப் பதில் இரு சிறியவை; ஆகவே எடை குறைவு, வால்வுகளுக்கு இடம் அதிகம், விரைவாகச் சுழலலாம். இங்கிலாந்திலே எட்வேட் ரேணர் என்பவர் 1937 இல் வெளியிட்ட ட்ரையம்ப் ஸ்பீட் ட்வின் இவ்வகையை உலகெங்கும் நிலைநாட்டியது. 498 கனசென்ரிமீற்றர், 27 பரிவலு. அதன் வழித்தோன்றல்களை ஒவ்வோர் ஆண்டும் பெருக்கி, 1959 இல் இரு காபரேற்றர் பூட்டிய பொன்வில் என்னும் வண்டியில் 46 வரை கொண்டுபோயினர். வலு ஏற ஏற நடுக்கமும் ஏறிற்று. இரு பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்குவதால் உண்டாகும் அதிர்வைத் தாங்காமல் விளக்குகளும் ஆணிகளும் கழன்று விழுந்த கதைகளை அக்காலத்து ஓட்டுநர் நகைச்சுவையாகச் சொல்வர்.

இதற்கிடையில் மருமகன் தன் பிரமாஸ்திரத்தை எடுத்தான். “அப்படியென்றால் சென்னையில் செய்த ரோயல் என்ஃபீல்டில் அந்தப் பெண்பிள்ளை ஓடினது?”

அவன் சொன்னது மெய்யே. 2018 ஓகஸ்டில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பொன்வில் உப்புவெளியிலே, பதினெட்டு வயதான கெய்லா றிவாஸ் என்னும் பெண், மாற்றியமைக்கப்பட்ட கொண்டினென்ரல் ஜி.ரி. 650 இரட்டை உருளை வண்டியில் மணிக்கு 157 மைல் வேகம் கண்டார். ஏறத்தாழ 252 கிலோமீற்றர். மறுக்கவில்லை. ஆனால் அவர் ஓடிய இடம் கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லா உப்புத்தரை. மாடு இல்லை, இறால் பிடிக்கத் தூண்டிலோடு நிற்போர் இல்லை, எதிரே வரும் பஸ் இல்லை.

அதே இயந்திரத்தை மக்கள் கைக்குக் கொடுக்கும்போது அந்தக் கம்பனியார் என்ன செய்தனர் என்பது இதனிலும் சுவையானது. 648 கனசென்ரிமீற்றர்; அழுத்த விகிதம் 9.5, வலு 7,250 சுற்றில் 47 பரிவலு. இலீற்றருக்கு 72 பரிவலு என்றாகிறது. நம் பென்லியின் பாட்டனோ 1959 இலேயே இலீற்றருக்கு 92 தந்தது! சென்னையிலும் இங்கிலாந்திலும் ஆய்வுக்கூடம் வைத்திருப்போருக்கு அதைக் கூட்டத் தெரியாதா? தெரியும். வேண்டாமென்று விட்டனர். முறுக்கம் 52 நியூட்டன் மீற்றர், அதுவும் 5,250 சுற்றிலேயே உச்சம். நகரத்து நெரிசலில் இரண்டாம் மூன்றாம் கியரில் முனகாமல் இழுக்கவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அதிர்வுக்கும் ஒரு மருந்து வைத்தனர். இரு பிஸ்டன்களையும் ஒன்றாக ஏறி இறங்க விடாமல் 270 பாகை விலக்கி வைத்து, சமன்செய் தண்டு ஒன்றையும் சேர்த்தனர். இவ்விலக்கத்தைச் சாலை வண்டியில் 1995 இல் யமஹாவின் ரி.ஆர்.எக்ஸ். 850 புகுத்தியது. 270, 450 என்று ஏறுமாறாக வெடிப்பதால் ஓசையும் தாளம் மாறி ஒலிக்கிறது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தங்கையும் தேநீர்ச் சாக்கில் வந்து திண்ணையில் அமர்ந்துவிட்டாள். கடைசிக் கணக்கு ஒன்று மீதமிருந்தது.

வேகமாக ஓடும் வண்டியின் வலுவிற் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடும். அதை வெல்லவேண்டிய வலுவோ வேகத்தின் கனத்திற்கேற்ப. நிமிர்ந்து அமர்ந்தவன் 11.5 பரிவலுவில் 100 கிலோமீற்றர் வேகம் காண்பானென்று வைத்துக்கொள்வோம். 120 காண எவ்வளவு வேண்டும்? 1.2ஐ மும்முறை பெருக்கினால் 1.728. அதை 11.5 ஆற் பெருக்கு.

மருமகன் பெருக்கினான். இன்னொரு தடவையும் பெருக்கினான். “இருபது வருகுதே” என்றான் மெல்ல.

மான் தீவுக்குப் போன பந்தய வண்டிக்கே பதினெட்டுத்தான். அதன் ஓட்டுநர் பெற்றோல் தாங்கியின்மேல் படுத்து ஒடுங்கிக் காற்றை ஏமாற்றிக்கொண்டார் என்பது வேறு. சரி, சி.பி. 92 போல 15 பரிவலு எடுத்தோமென்று கொள்வோம். 15ஐ 11.5 ஆல் வகுத்து, கனமூலம் எடுத்தால் 1.09. நூறு நூற்றொன்பதாகும். கம்பனியின் பொறியியலாளர் முழுத் திறமையையும் செலவிட்டுப் பெறக்கூடியது ஒன்பது கிலோமீற்றர்! ஆனால் நிறுத்த வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்தில் வளரும். 120 இல் வருவோனுக்கு 100 இல் வருவோனைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். பிறேக்கு அதே பழைய டிறம் பிறேக்கு. இக்கணக்கை நான் அவன் கையிலே விட்டேன்; தங்கை முன்னால் விளக்கவில்லை.

மறுநாள் காத்தான்குடியிலிருந்து எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். எழுபதை நெருங்கும் வயது. நாங்கள் எல்லோரும் ‘காக்கா’ என்றே அழைப்போம். வண்டியை உதைத்து ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். பின்பு ஒவ்வொரு சைலன்சரின் வாயிலும் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார்.

“சேர், கூட்டுறதை மறுகா பாப்பம். முதல்ல இது தொலைச்சதைத் தேடுவம்” என்றார்.

பிளக்குகளைக் கழற்றி அழுத்தமானியை வைத்தார். இடப்பக்கம் 165 இறாத்தல், வலப்பக்கம் 110. “இது ரெண்டு சிலிண்டர் இல்ல தம்பி, ஒண்டரைதான்” என்று மருமகனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வலப்பக்கத் துளைக்குள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடியும் அளந்தார். மாணவர் கவனிக்கத்தக்க அழகிய சோதனை இது. எண்ணெய் பிஸ்டனைச் சுற்றி நின்று வளையங்களின் இடுக்கை அடைக்கும். அளவு உயர்ந்தால் வளையம் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் காற்று வால்வு வழியே கசிகிறது. அளவு உயரவில்லை.

ஹெட் கழன்றது. வெளியேற்று வாயிலே பெற்றோலை ஊற்றியதும் வால்வின் ஓரமாக அது கசிந்து சொட்டியது. வால்வின் விளிம்பெங்கும் அம்மைத் தழும்புபோல் குழிகள்; கரி கட்டியாய்ப் படிந்திருந்தது. அடுத்த இரண்டு நாட்களும் பாடசாலை விட்டு வந்ததும், வால்வின் தலையிலே உறிஞ்சுகோலை ஒட்டி, பருமட்டான பசையும் பின்னர் நுண்ணிய பசையும் பூசி, இரு உள்ளங்கைகளுக்கிடையில் கடைந்துகொண்டேயிருந்தான் மருமகன். நெய் கடைவது போன்ற வேலை. ஒளிரும் சாம்பல்நிற வளையம் ஒன்று முழுவட்டமாய்த் தோன்றும்வரை காக்கா விடவில்லை. “இன்னும் கொஞ்சம், வாப்பா” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

மற்றவையும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. வடிகட்டியின் பஞ்சு உதிர்ந்து பாதி அடைத்திருந்தது. காபரேற்றரின் கிண்ணத்தடியில் மஞ்சட் படிவு. முன்சில்லைத் தூக்கிச் சுழற்றினால் ஒரு சுற்றும் வராமல் நின்றது. பிறேக்குக் கட்டை உரசிக்கொண்டேயிருந்தது. சங்கிலி உலர்ந்து முறுகியிருந்தது. வால்வு இடைவெளியைக் காக்கா கையேட்டிற் கண்ட அளவுக்கே தகடு வைத்துச் சரிசெய்தார், தலைமயிரின் தடிப்பளவு. அதில் மிகக் குறைத்துவிட்டால் சூட்டில் வால்வு முழுதும் மூடாது எரிந்துபோகும். கூட்டிவிட்டால் தட்டித்தட்டியே தேயும். மைத்துனர் நோயில் வீழ்ந்த கடைசி ஆண்டுகளில் எவரும் அந்த வண்டியைத் திறந்து பார்க்கவில்லை என்பது ஒவ்வொரு பாகத்திலும் எழுதியிருந்தது.

பந்தயம் வைத்திருந்த நாள், ஹெட் கழன்று மேசைமேல் கிடந்த கிழமையிலே வந்து போயிற்று. அதைப்பற்றி நாங்கள் எவரும் பேசவில்லை.

எல்லாம் பூட்டியபின் அளந்தபோது இடம் 165, வலம் 160. முதல் உதையிலேயே இயந்திரம் விழித்தது. அந்த ஒலியைக் கேட்டதும் அடுக்களையிலிருந்த தங்கை கையைத் துடைத்துக்கொண்டே முற்றத்துக்கு ஓடிவந்தாள். அவளுக்குப் பழக்கமான ஓசை அது. பல ஆண்டுகளாய்க் கேளாதது.

அந்த வெள்ளிக்கிழமை தாயைப் பின்னே இருத்திக்கொண்டு, மண்முனைப் பாலத்தைக் கடந்து, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயிலுக்குப் போய்வந்தான். நான் பின்னே வந்தேன். அவன் அறுபதைத் தாண்டவில்லை, தாண்ட முடியாதென்பதாலன்று. பாலத்தின் ஏற்றத்தில் முன்பெல்லாம் மூன்றாம் கியருக்கு இறக்க வேண்டியிருந்ததாம். இப்போது நான்காவதிலேயே ஏறிற்றாம். 2022 ஆம் ஆண்டிலே மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 இலீற்றர் என்று பங்கிட்டுக் கொடுத்த காலத்திலிருந்து அவ்வீட்டில் பெற்றோற் கணக்கு எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. இலீற்றருக்கு 38 கிலோமீற்றர் என்றிருந்தது 51 ஆனதென்று கொப்பியைத் திறந்து காட்டினான். பரிவலு வரிசைகளை எழுதிய அதே கொப்பி.

போன கிழமை மறுபடியும் வந்தான். இம்முறை வண்டியை உருட்டவில்லை, ஓட்டியே வந்தான்.

“மாமா, காக்காவின் அழுத்தமானியை ஒரு நாளைக்கு வாங்கித் தருவீங்களா? பந்தயத்துக்குக் கூப்பிட்டவன் ஒருத்தன்ட வண்டி ஏற்றத்துல இழுக்குதில்லையாம்.”